மூன்றாவது குழி

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, எண்ணெயில் எதையோ பொரிப்பதுபோல விடாமல் வந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று மெலிந்தது. முதலாளியம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தினார். எதிரே நின்றிருந்தவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"என்னண்ணே, நின்னுடுச்சா?"

"இல்லம்மா. மூணாவது குழி முடியப்போகுது. கடைசி மெருகு. இனிமே முணுமுணுக்கத்தான் செய்யும்."

"எனக்கு இருப்பே கொள்ளலண்ணே."

"எனக்கும்தான். நான் வெளியே சொல்லிக்க மாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

காது கொடுத்தவருக்கு அந்த அச்சுப் பட்டறையில் மைக்ரான் என்றுதான் பெயர். தலைமுடி ஒன்றை எழுபது கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்றின் கனம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். அதைத் தவிர உலகத்தில் வேறு அளவே இல்லாததுபோல அவர் பேசுவதால் யாரோ விளையாட்டாக வைத்த பெயர், நிலைத்துவிட்டது. வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. "என்ன முகம் சுளிக்கிறீங்க, காபியில சர்க்கரை ரெண்டு மைக்ரான் தூக்கலா?" என்று மனைவி கேட்பாள்.

பிளாஸ்டிக் பொருள்களை வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் செய்கிற பட்டறை அது. வெட்டும் கருவி நுழைய முடியாத கூர்மையான மூலைகளை எஃகில் குடைய ஸ்பார்க் மெஷின் வேண்டும். செம்பில் செய்த ஒரு சிறிய உருவம், எலக்ட்ரோடு என்பார்கள், எண்ணெய்த் தொட்டியில் மூழ்கிக் கிடக்கும் எஃகை நோக்கி மெல்ல இறங்கும். தொடாது. தொடுவதற்கு ஒரு மயிரிழை இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே பொறி பறக்கும். அந்தப் பொறி எஃகைப் பொடிப்பொடியாகத் தின்னும். செம்பு என்ன வடிவமோ அதே வடிவத்தில் எஃகில் குழி விழும்.

மீசை அரும்பிய வயதில் எஃகுக் கட்டை சுமக்க வந்தவர் மைக்ரான். கட்டையை இறக்கிவைத்த கையோடு ஸ்பார்க் மெஷின் அருகே போய் நின்றுவிடுவார். நிற்பதற்காகத் திட்டு வாங்குவார், மறுபடி நிற்பார். மெஷின் ஓட்டுகிறவர் வராமல்போன ஒரு நாளில், இந்த அம்மாவின் அப்பா, அப்போதைய முதலாளி, எரிச்சலோடு சொன்னார்: "அதையே வெறிச்சுப் பார்த்துட்டு நிக்கிறியே, போ, நீயே ஓட்டு." அன்று தொட்ட மெஷினை அவர் விடவில்லை. கல்யாணத்தன்று மணப்பெண் காதருகே குனிந்து கேட்ட முதல் கேள்வியே, "உங்க மேல என்ன எண்ணெய் வாசனை?" என்பதுதான்.

அந்தப் பழைய மெஷின் இப்போது கிழடாகிவிட்டது. இருபது மைக்ரான் இங்கே போகும், அங்கே போகும். வாளி, கூடைக்கு அது போதும். ஆனால் இப்போது வந்திருந்த வேலை கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக் குப்பியின் மூடி. ஒரே அச்சில் நான்கு குழி. நான்கின் ஆழமும் ஐந்து மைக்ரானுக்குள் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு குழி ஆழம் குறைந்தாலும் அதில் பிறக்கிற மூடியெல்லாம் மருந்தைக் கசியவிடும்.

அதற்காகத்தான் புது மெஷின் ஒன்று பரிசோதனைக்கு வந்து இறங்கியிருந்தது. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் விற்கிற கம்பெனியே லாரி வைத்து எடுத்துப் போய்விடும். பிடிக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மைக்ரான். "நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்" என்று முதலாளியம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

அதுதான் அவரை இக்கட்டில் நிறுத்தியது. கம்பெனி சார்பில் மெஷினோடு வந்தவன் வேறு யாருமில்லை, அவருடைய மச்சினன்.

அம்மா இல்லாத பிள்ளை அவன். அக்கா கல்யாணமாகி வந்தபோது பெட்டியோடு பெட்டியாகப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். சின்னவன் என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் வேறு குழந்தை பிறக்கவில்லை. அதனால் அந்தப் பெயருக்குப் போட்டியும் வரவில்லை. படித்து முடித்ததும் மாமா வேலை செய்கிற இடத்திலேயே சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஒரு நாள் கூட்டிப் போனார். பார்த்துப் பார்த்துச் செய்த எலக்ட்ரோடு ஒன்றை அவன் கை நழுவவிட்டது. தரையில் விழுந்து அதன் மூக்கு மடங்கிப்போனது. மைக்ரானுக்குக் கோபம் கண்ணை மறைத்தது. ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "உன் கைக்கு இந்த வேலை வராதுடா" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அன்று மாலையே சின்னவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்த வீட்டு வாசல் கதவு மழை குடித்து உப்பிய கதவு. கீழ் மூலையில் காலால் ஓர் உதை கொடுத்தால்தான் சாத்திக்கொள்ளும். அன்று அவன் உதைக்கவில்லை. கதவு பாதி திறந்தபடியே கிடந்தது. அக்கா வெகு நேரம் அதைச் சாத்தவிடவில்லை.

அதற்குப் பிறகு அவன் குரல் அக்காவின் போனில் மட்டும்தான் கேட்டது. இப்போது மெஷினோடு வந்தும் வீட்டுக்கு வரவில்லை, லாட்ஜில் தங்கினான். பட்டறையில் "சார்" என்று கூப்பிட்டான். முதலாளியம்மா முகம் சுளித்த பிறகுதான் "மாமா"வுக்கு இறங்கி வந்தான்.

பரிசோதனை நாளன்று காலை மைக்ரான் சட்டை மாட்டும்போது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"சின்னவன் போன்ல அழாத குறை. அவங்க கம்பெனி ஆளைக் குறைக்குதாம். இந்த மெஷின் திரும்பிப் போனா அவனையும் அதுகூடவே அனுப்பிடுவாங்களாம்."

"அதுக்கு?"

"என் தம்பிக்காக ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கோங்களேன்."

"நான் கண்ணை மூடினா, கண்ணு வலிக்காரன் கண்ணுல போய் விடியும். மூடி கசிஞ்சா பட்டறையை மூடணும். அந்தம்மா முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

அவள் சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்தாள். சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது.

இப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் ஒரேயடியாக நின்றது. தொட்டியில் எண்ணெய் வடிகிற ஓசை கேட்டது. இருவரும் உள்ளே போனார்கள்.

சின்னவன் மெஷினின் திரையைப் பார்த்தபடி விறைப்பாக நின்றிருந்தான். நான்காவது குழிக்கான எலக்ட்ரோடை மெஷினே தன் தாங்கி வரிசையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டது. முதல் இரண்டும் அப்படித்தான். மூன்றாவதை மட்டும் தம் கையால் மாட்டுவேன் என்று மைக்ரான் கேட்டிருந்தார். "வரிசை பழுதான நாளைக்குக் கையாலதானே மாட்டணும்? அதையும் பார்த்துடலாம்."

கேட்டது நியாயம்தான். மாட்டிய விதம்தான் அவருக்கே உரியது. எலக்ட்ரோடை மூடிய உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவித் தடவிப் பிசிறு தேடுவார். கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யாராவது பேசினால் பதிலும் சொல்வார், ஆனால் கையைத் திறக்க மாட்டார். "மைக்ரான் முட்டை மேல உக்காந்துட்டாரு, அடைகாத்து முடியட்டும்" என்று பட்டறையில் சிரிப்பார்கள். எத்தனையோ வருடப் பழக்கம். திருப்தியான பிறகுதான் மெஷினில் மாட்டுவார்.

நான்காவதும் முடிந்தது. எஃகுப் பலகை அளவறைக்குப் போனது. அளவெடுக்கிற பெண் அதைக் கல்மேடையில் வைத்துவிட்டு எல்லாரையும் வெளியே தள்ளினாள்.

"எஃகு ஆறாம நான் தொட மாட்டேன். சூட்டுல அளந்தா பொய் சொல்லும். போய் டீ குடிச்சிட்டு வாங்க."

டீ ஆறியது. யாரும் குடிக்கவில்லை. அவள் கூப்பிட்டதும் நான்கு பேர் தலையும் ஒரே திரையின் முன் குனிந்தன.

"ஒன்னு, சரி. ரெண்டு, சரி." அவள் விரல் நின்றது. "மூணு, எட்டு மைக்ரான் ஆழம் குறையுது. நாலு, சரி."

சின்னவன் முகத்தில் ரத்தம் வற்றியது. "இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றான். குரல் அவனுடையதுபோலவே இல்லை.

மறுநாள் புதுப் பலகை, புது எலக்ட்ரோடுகள். மறுபடி மூன்றாவதை மைக்ரான் கையாலேயே மாட்டினார். ஒரே மாதிரி செய்தால்தானே ஒப்பிட முடியும். மறுபடி அளவறை. ஒன்று, இரண்டு, நான்கு சரி. மூன்று, ஏழு மைக்ரான் குறைவு.

எல்லாரும் திரையிலிருந்து நிமிர்ந்து மைக்ரானைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கண்ணே" என்றார் முதலாளியம்மா.

மைக்ரான் மச்சினனின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். "ஒரு தடவைன்னா தவறுன்னு விட்டுடலாம். ரெண்டு தடவையும் அதே இடம், அதே குறை. மேசையில அந்த மூலையில ஏதோ கோளாறு இருக்கும்மா. இந்த மெஷின் வேண்டாம்."

"மாமா, மூணாவதை மட்டும் நீங்கதானே..." என்று ஆரம்பித்தான் சின்னவன்.

மைக்ரான் நிமிர்ந்தார். "நான்தானே? சொல்லு. என் கையில தப்புங்கிறியா?"

அளவெடுக்கிற பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையைப் பற்றி அந்தப் பட்டறையில் யாரும் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. சின்னவன் மாமாவின் கண்களைப் பார்த்தான். பிறகு முதலாளியம்மாவை. உதடு வரை வந்ததை விழுங்கினான்.

"ஒன்னுமில்ல. லாரிக்குச் சொல்லிடறேன்."

அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியவில்லை. விஷயம் அவருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது. மனைவி அவருக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாத்திரமும் அவர் சார்பில் அடி வாங்கியது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் சின்னவன், அந்நியனைப்போல ஒதுங்கி நின்றான்.

"மணி அடிச்சிட்டு வர்ற அளவுக்கு ஆயிட்டியாடா?" என்றாள் அக்கா. உள்ளே இழுத்தாள். "சாப்பிட்டியா?"

"பசிக்கலக்கா. காலைல மெஷினை ஏத்திட்டு நானும் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். போன தடவை சொல்லாமப் போனேன் பாரு, அது மனசுல கெடந்து உறுத்துது."

"வேலை?"

அவன் தோளைக் குலுக்கினான். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் மைக்ரானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவனை இந்த வீட்டுல நாம ரெண்டு பேரும் வளர்த்தோம்னு நெனச்சிட்டிருந்தேன். நீங்க வளர்க்கலேங்கிறது இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"நான் பொய் சொல்லணுமா?"

"வேண்டாம். நீங்க உத்தமர். இருந்துக்கோங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குளிர்ந்த நீரில் ஊறிய விரல்கள் விறைத்து மரத்திருந்தன. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். அவள் கோபமாகத்தான் இருந்தாள், ஆனால் கைக்கு அது தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பாத்திரம் தேய்த்ததும் போகிற இடத்துக்கு அது தானாகப் போயிற்று. கணவனின் உள்ளங்கைக்குள் தன் விரல்களை நுழைத்துக்கொண்டாள். நுழைத்த பிறகுதான் நினைவு வந்து வெடுக்கென்று இழுத்தாள்.

"சே. கோவத்துல இருக்கும்போதும் இந்தக் கைதான் வேண்டியிருக்கு. அடுப்புக்கட்டி மாதிரி எப்பவும் ஒரு சூடு."

மைக்ரான் தன் கையைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. மூடிய அந்தக் கைக்குள், கண்ணை மூடி, முதலாளியம்மாவோடு பேசிக்கொண்டே அவர் வைத்திருந்த செம்பு. செம்பு சூடு பட்டால் நீளும். கொஞ்சம்தான் நீளும், ஏழு, எட்டு மைக்ரான். நீண்ட செம்பை மெஷின் தொட்டுப் பார்த்து, 'இதன் நுனி இங்கே இருக்கிறது' என்று குறித்துக்கொண்டது. பிறகு அது குளிர்ந்த எண்ணெய்க்குள் இறங்கியது. ஆறியது. சுருங்கியது. சுருங்கிய அளவுக்குக் குழி ஆழம் குறைந்தது.

எஃகு ஆறட்டும் என்று எல்லாரும் டீயை ஆறவிட்டுக் காத்திருந்தார்கள். செம்பைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பு வரவில்லை.

இல்லை. ஒருவனுக்கு வந்திருந்தது.

"உனக்குத் தெரியுமாடா?" என்றார்.

சின்னவன் தரையைப் பார்த்தான்.

"கேக்கிறேன்ல?"

"நேத்தே தெரியும் மாமா. நீங்க அடைகாக்கும்போதே."

"பாவி, பின்னே ஏன் வாயைத் திறக்கல? உன் வேலைடா அது."

"திறந்தேனே. 'என் கையில தப்புங்கிறியா'ன்னு கேட்டீங்க." அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "எல்லார் முன்னாடியும் கையைப் பத்திச் சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மாமா. எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது."

மைக்ரானுக்கு அந்த அடி எங்கே விழுந்ததோ, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு எலக்ட்ரோடு புரியவில்லை. தம்பி சொன்னது புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மைக்ரான் போனை எடுத்தார். எடுத்தவர் எண்ணை அழுத்தவில்லை. புதிதாக ஒரு பயம் அவரைப் பிடித்தது.

"இது நெஜமா, இல்ல உன்னைக் காப்பாத்த என் மனசு கட்டுற கதையா?"

"நெஜம்தான் மாமா."

"நீ சொன்னா ஆச்சா? நீ விக்கிறவன். நான் உன் மாமன். ரெண்டு பேர் பேச்சும் செல்லாது." எண்ணை அழுத்தினார். "அம்மா, லாரியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. மெஷின் மேல தப்பில்லேன்னு தோணுது. என் கை மேல தோணுது."

"உங்க மச்சினன் வீட்டுக்கு வந்திருக்காரா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று மைக்ரானுக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் குரலில் சந்தேகத்தை அவர் கேட்டதே இல்லை. "வந்திருக்கான். அதனாலதான் நாளைக்கு எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டுறேன்னு சொல்றேன். காட்ட முடியலேன்னா லாரியில மெஷினோட என்னையும் ஏத்தி விடுங்க."

காலையில் ஸ்பார்க் அறைக்குள் இடம் போதவில்லை. எஃகைத் தட்டையாகத் தேய்க்கிறவர், மெருகு போடுகிறவர், லாரி டிரைவர்கூட வந்து எட்டிப் பார்த்தார். மூலையில் கை கட்டி நின்ற முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"இன்னிக்கு மூணாவது, நாலாவது ரெண்டையும் நானே மாட்டுறேன்" என்றார் மைக்ரான். "மூணாவது எலக்ட்ரோடு காலைலேருந்து மெஷின் பக்கத்துலேயே கெடக்குது. கனத்த கையுறை போட்டு, எடுத்த உடனே மாட்டுவேன். நாலாவதை நான் எப்பவும் செய்ற மாதிரி."

"அடைகாக்கப் போறீங்க" என்றார் மெருகு போடுகிறவர். யாரும் சிரிக்கவில்லை.

"ஆமா. மூணாவது சரியா வரும். ரெண்டு தடவை சரியா வந்த நாலாவது, இன்னிக்கு ஆழம் குறைஞ்சு வரும். அப்படி வரலேன்னா நான் சொன்னது எல்லாம் என் மச்சினனுக்காகக் கட்டின கதைன்னு வச்சுக்கோங்க."

சின்னவன் அவரைத் திடுக்கிட்டுப் பார்த்தான். அவ்வளவு வெளிப்படையாகப் போட்டு உடைப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

மெஷின் பொரியத் தொடங்கியது. முதல் குழி. இரண்டாவது. மூன்றாவதுக்கு உறை போட்ட கை, விருந்தாளியைப்போல எலக்ட்ரோடை எடுத்து மாட்டிவிட்டு விலகியது. நான்காவதை மைக்ரான் வெறும் உள்ளங்கைக்குள் மூடினார். கண்ணை மூடினார். இத்தனை வருடமாக அவருக்குத் தைரியம் கொடுத்த காரியம், இன்று குற்றவாளிக்குக் கைரேகை எடுப்பதுபோல இருந்தது. கையை இன்னும் இறுக்கி மூடினார். பிறகு மாட்டினார்.

அளவறையில் எஃகு ஆறுவதற்குள் மனிதர்கள் வெந்து போனார்கள். முதலாளியம்மா சுவரில் சாய்ந்திருந்தார். சின்னவன் தன் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். மைக்ரான் சுவரைப் பார்த்து நின்றார். மூன்றாவதும் குறைந்திருந்தால்? நான்காவது சரியாக இருந்துவிட்டால்? ஆயுளில் முதல்முறையாக, தான் மாட்டியது தப்பாக வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நின்றார்.

"ஒன்னு, சரி" என்றாள் அளவெடுக்கிற பெண். "ரெண்டு, சரி."

கருவியின் நுனி மூன்றாவது குழிக்குள் இறங்கியது.

"மூணு... சரி. ஒரு மைக்ரான்தான் வித்தியாசம்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். மைக்ரான் திரும்பவில்லை. "நாலு?"

"இருங்கண்ணே, இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துடறேன்." கருவியின் நுனி மறுபடி இறங்கி ஏறியது. "நாலு, எட்டு மைக்ரான் குறையுது."

மைக்ரான் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். முதலாளியம்மா அருகே வந்தார்.

"அப்போ இத்தனை வருஷமா இப்படியாண்ணே?"

"இத்தனை வருஷமா இப்படித்தான்மா. பழைய மெஷின் இருபது மைக்ரான் ஆடின ஆட்டத்துல என் கைச் சூடு யாருக்கும் தெரியல. இது தப்பை மறைக்கத் தெரியாத மெஷின். நம்ம வேலைக்கு அதுதான் வேணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா எண்ணெய் வடிகட்டியைச் சுவரோட ஒட்டி வச்சிருக்காங்க, மாத்துறதுக்குள்ள முதுகு போயிடும். அதைத் திருப்பி வைக்கணும். எண்ணெயைக் குளிர வைக்கிற பெட்டியும் சேர்த்துத் தரணும். இந்த ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டா வாங்கலாம். இல்லேன்னா லாரி வெளியேதான் நிக்குது."

"சொந்தக்காரன்னுகூடப் பார்க்க மாட்டீங்களா மாமா?" என்றான் சின்னவன்.

"பார்த்ததாலதான் ரெண்டோட நிறுத்தினேன்."

அப்போதுதான் முதலாளியம்மா சிரித்தார். "மூணாவது நான் போடறேன். எங்க ஆளுங்களுக்குப் பழக்கிக் கொடுக்க வேற யாரையும் அனுப்பக் கூடாது. நீங்கதான் வரணும். முதல்ல உங்க மாமாவுக்கு உறை மாட்டப் பழக்குங்க."

லாரி காலியாகத் திரும்பியது.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் சின்னவன் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. அக்கா அவன் தட்டில் சாப்பாட்டைக் குவித்தாள். அவன் போதும் போதும் என்ற பிறகும் குவித்தாள். மைக்ரான் எதிரே உட்கார்ந்து தண்ணீர் தம்ளரை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி இருந்துட்டுப் போயேன்டா" என்றாள் அக்கா.

"காலைல கம்பெனியில நிக்கணும்க்கா. மெஷின் வித்துடுச்சுன்னு நானே போய்ச் சொன்னாத்தான் நம்புவாங்க."

கை கழுவிவிட்டுப் பையை மாட்டினான். வாசல்வரை வந்தான். மைக்ரானும் பின்னாலேயே வந்தார். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்வதற்கு எட்டு மைக்ரான் இடைவெளிகூட இல்லை, ஆனால் பொறி பறக்கவில்லை.

"அன்னிக்குப் பட்டறையில ஒன்னு சொன்னேன்."

"எது மாமா?"

"மறந்துட்டியா?"

"ஒரு மைக்ரான்கூட மறக்கல."

மைக்ரான் தலையைக் குனிந்துகொண்டார். "அதைத் திரும்ப எடுத்துக்கிறேன்."

நெஞ்சில் இத்தனை காலம் கிடந்த ஒன்றை ஒரே நொடியில் தூக்கிக் கொடுத்துவிட சின்னவனால் முடியவில்லை. பை நாடாவைச் சரிசெய்தான். செருப்பை மாட்டினான். பிறகு கேட்டான்:

"லாரி அனுப்பணுமா மாமா?"

அக்கா களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மைக்ரான் கையை நீட்டினார். நீட்டியவர், என்னவோ நினைத்துப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். அதற்குள் சின்னவன் அதைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பிடித்திருந்தான்.

"பயிற்சிக்கு வரும்போது லாட்ஜுக்குப் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்றாள் அக்கா.

"வர்றேன்க்கா. வர்றேன் மாமா."

படி இறங்குவதற்குமுன் கதவை வெளியிலிருந்து தள்ளினான். வழக்கம்போல அது முக்கால்வாசியில் சிக்கி நின்றது. மைக்ரான் சாத்தப் போனார். மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வெளியே ஒரு கணம் சத்தமில்லை. பிறகு கீழ் மூலையில் ஓர் உதை விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.